முன்னால் தள்ளிய சீட்

அத்தியாயம் 4

டிரைவிங் டெஸ்டில் ஸ்டெப்னி மூன்று முறை தோற்றவன். மூன்று முறையும் அவனைத் தோற்கடித்த அம்மையார்தான் இன்று அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார். விதிக்குக் கொஞ்சம் கொழுப்பு அதிகம் என்பது அவன் கருத்து.

அந்த அம்மையார் பாதி ஆயுளை டிரைவிங் டெஸ்ட் எடுத்தே கழித்தவர். கையில் எப்போதும் சிவப்பு மைப் பேனா இருந்ததால் ஊரே அவரைச் 'சிவப்பு மை' என்றுதான் சொல்லும். நேரில் மட்டும் 'மேடம்'. ஓய்வு பெற்ற பிறகு, விபத்து வழக்குகளைத் துப்பறிந்து கொடுக்கிறேன் என்று ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தார். ஜெயிக்கிற கேஸ்கள் எல்லாம் கீழ்த்தளத்து வக்கீலிடமே நின்றுவிடும். தேறாத கேஸ்கள்தான் படியேறி மேலே வரும்.

அன்று காலை ஏறி வந்தது தேறாததிலும் தேறாத கேஸ்.

எதிர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். குள்ளம் என்றால் அப்படி ஒரு குள்ளம், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"எங்கப்பா பொய் சொல்லலை மேடம். அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க, போதும்."

"உங்கப்பா என்ன சொன்னார்?"

"காரை நான்தான் ஓட்டினேன்னு சொன்னார்."

"நம்ப மாட்டேங்கறாங்களா?"

"ஒருத்தர்கூட நம்பலை."

ஸ்டெப்னி குறுக்கிட்டான். "அதிசயமா இருக்கே. எங்க வீட்ல நான் இடிக்கலைன்னு சொன்னாத்தான் நம்ப மாட்டாங்க."

மேடம் அவன் பக்கம் திரும்பாமலேயே, "இந்தக் கிளிப்பச்சைச் சட்டையை எங்க வாங்கினே?" என்றார்.

"தள்ளுபடியில மேடம்."

"நல்லதுதான். ரோட்ல உன்னை யாரும் தெரியாம இடிக்க மாட்டாங்க. இப்ப வாயை மூடு. நீ சொல்லும்மா."

அவள் சொன்னாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது, இன்னும் சேரவில்லை. இரவு ஷிஃப்ட், பஸ் கிடையாது, கார் இருந்தால்தான் போகமுடியும். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சேமித்ததை எல்லாம் துடைத்து எடுத்து மகளுக்கு ஒரு பழைய சின்னக் கார் வாங்கித் தந்தார். அதுவரை சந்தோஷம்தான். இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனபோதுதான் தலையில் கல் விழுந்தது. லைசென்ஸ் வாங்கிய கையோடு, இருபது வயதில், முதல் கார் என்றால் பிரீமியம் ஏறக்குறைய கார் விலையையே தொடுமாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"ஏஜென்ட்தான் வழி சொன்னார் மேடம். அப்பாவை முக்கிய டிரைவர்னு போடுங்க, பொண்ணு எப்பவாவது ஓட்டுவான்னு போடுங்க, பாதிக்குப் பாதி குறையும், எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்கன்னார். நாங்களும் அப்படியே செஞ்சோம்."

"தினமும் ஓட்டினது நீதானே?"

"ஆமா." தலை குனிந்தது. "ஆனா அன்னைக்கு நான் ஓட்டலை. சத்தியமா."

அன்று சாயங்காலம் தூறல். வேலை முடிகிற நேரத்தில் மகளைக் கூட்டிப்போக அப்பா காரில் வந்தார். மருந்துக்கடைக்குப் பின்னால் உள்ள தெருவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்த தபால்காரரை இடித்துவிட்டார். சத்தம் கேட்டு இவள் ஓடினாள். அக்கம்பக்கத்தார் வந்தபோது அப்பாவும் மகளும் தபால்காரர் பக்கத்தில் நின்றார்கள். ஸ்டியரிங் யார் கையில் இருந்தது என்று பார்த்தவர் எவரும் இல்லை.

"தபால்காரர் எப்படி இருக்கார்?"

"காலை எடுக்காம காப்பாத்தணும்னா இன்னும் ரெண்டு ஆபரேஷன் வேணுமாம். இன்ஷூரன்ஸ் பணம் வந்தாத்தான் அது நடக்கும். நான்தான் ஓட்டினேன், நாங்க ஏமாத்தி பாலிசி எடுத்தோம், அதனால ஒரு காசு கிடையாதுன்னு கம்பெனி சொல்லிடுச்சு. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவர் சம்சாரம் என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறாங்க."

"உங்கப்பா எப்படி ஓட்டுவார்?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து வேன் ஓட்டறார். ஒரு கீறல் கிடையாது மேடம்."

அதுதான் வினை என்று ஸ்டெப்னிக்குத் தோன்றியது. கீறல் கூட விழாமல் ஓட்டிய மனிதன் கண்ணெதிரே போகிறவரை எப்படி இடிப்பான்? மகளுக்காகப் பழியை ஏற்கிற அப்பா என்றுதான் எவனும் நினைப்பான். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

அவள் படியிறங்கிப் போனதும் கேட்டான். "பொண்ணு பொய் சொல்றா. இதுக்குப் போய் ஏன் மேடம் அலையணும்?"

"பொய் சொல்றவங்க பாலிசி விஷயத்தை மறைப்பாங்க. இவ அதை முதல்ல சொல்லிட்டா. கிளம்பு."

*

இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி கழுத்தில் டை கட்டியிருந்தார். சிரித்த முகமாகவே கழுத்தறுக்கிற ரகம். கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார்.

"விபத்து நடந்த இடத்துல நானே எடுத்த போட்டோ. பாருங்க. டிரைவர் சீட் எங்க இருக்கு?"

சீட் முழுக்க முன்னால் தள்ளியிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை தள்ளினால் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொள்ளும்.

"அப்பா ஆறடி உயரம். பொண்ணு எவ்வளவுன்னு பார்த்திருப்பீங்க. ஆறடி ஆள் இந்த சீட்ல உட்காரணும்னா காலைக் கழட்டி டிக்கியில வைக்கணும்."

ஜோக் நன்றாக இருந்ததே ஸ்டெப்னிக்கு எரிச்சலாக இருந்தது. அந்த வேலை அவனுடையது.

"பொண்ணு காலையில ஓட்டின சீட்டை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கலாமே?" என்று கேட்டுவைத்தான்.

"அப்ப அப்பா ஏறினதும் பின்னால தள்ளியிருப்பார். தள்ளாம ஏறவே முடியாது. தள்ளலைன்னா அவர் ஏறவே இல்லை. இவ்வளவுதான் சார் கேஸ்."

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீட்டைத் தவிர வேற என்ன பார்த்தீங்க?"

"வேற என்ன வேணும்?"

"கார் சாவி வேணும்."

அதிகாரி இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். "அன்னைக்குப் பூட்டினது. யாரும் கை வைக்கலை. அந்த மனுஷர்தான் ஓட்டினார்னு நிரூபிங்க, செக் எழுத எனக்கு ஒண்ணும் கசக்காது. தபால்காரர் மேல எனக்கும் இரக்கம் உண்டு."

"இரக்கத்துக்கு ரசீது உண்டா சார்?" என்றான் ஸ்டெப்னி. மேடம் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

*

கார் வாங்கிய கடையிலேயேதான் அந்தக் கார் கிடந்தது. முன்பக்கம் பழைய கார்கள் விற்பனை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட பழுது பார்க்கும் கொட்டகை. விற்கிறவரும் ரிப்பேர் செய்கிறவரும் ஒருவரே. எண்ணெய் படிந்த கையைத் துணியில் துடைத்தபடி கடைக்காரர் வழிகாட்டினார்.

கொட்டகை மூலையில் நின்றது அந்தக் கார். மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். முகப்பு நசுங்கி, விளக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த நிறத்தை யார் மேடம் காசு குடுத்து வாங்குவாங்க?"

"கிளிப்பச்சையை வாங்கினவன் கேக்கற கேள்வியா இது? ஏறி உட்காரு. நீயும் அந்தப் பொண்ணும் ஒரே உயரம்."

அடிபட்ட இடத்திலேயே அடித்தார். ஸ்டெப்னி ஏறி உட்கார்ந்தான். சீட் அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. கால்கள் பெடலில் சரியாகப் பதிந்தன.

"கச்சிதமா இருக்கு மேடம். குள்ளமானவங்கதான் ஓட்டியிருக்காங்க. கேஸ் குளோஸ்."

"எதையும் தொடாம, நடுக் கண்ணாடியில பாரு. பின்னால வர்ற வண்டி தெரியுமா?"

பார்த்தான். பின்பக்க ஜன்னல் தெரியவில்லை. "கூரைத் துணிதான் தெரியுது."

"கொஞ்சம் எக்கிப் பாரு."

எக்கினான். சீட்டிலிருந்து எழும்பி, தலை கூரையை உரசுகிற வரை எக்கினான். அப்போதுதான் பின் ஜன்னல் முழுசாகக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் கூடக் குனிந்து பார்த்தார்.

ஸ்டெப்னி கத்தினான். "மேடம்! சீட் குள்ளமானவங்களுக்கு, கண்ணாடி நெட்டையானவங்களுக்கு!"

"கண்ணாடியைக் கடைசியா திருப்பினது நெட்டை ஆள். ஸ்டியரிங்குக்குக் கீழே பாரு."

கீழே கறுப்புப் பிளாஸ்டிக்கில், இடது வலது என்று இரண்டு இடங்களில் தேய்மானம். ஒரே நாள் மோதலில் வந்த கீறல் இல்லை. நாள்பட முழங்கால் உரசி உரசி வெளுத்த தடம். அவனுடைய முழங்கால்கள் அதற்கு ஒரு சாண் கீழே இருந்தன.

"ஆறடி ஆள் இந்த சீட்ல உட்கார்ந்து ஓட்டியிருக்கார். ஒரு தடவை இல்ல, பல தடவை" என்றார் மேடம்.

"ஆக, அப்பா சொன்னது நிஜம்! ஜெயிச்சுட்டோம் மேடம்! டை கட்டினவர் மூஞ்சியை இப்பவே பார்க்கணும்போல இருக்கு." காரிலிருந்து குதித்து இறங்கியவன், மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான். அவனை மூன்றாவது முறை ஃபெயில் ஆக்கிய நாளில்கூட அந்த முகம் இவ்வளவு வாடியிருக்கவில்லை.

"ஏன் மேடம்?"

"ஆறடி மனுஷன் முட்டி இடிக்க இடிக்க எதுக்குடா முன்னால உட்காரணும்?"

"முதுகு வலியா இருக்கும்."

"முதுகு வலின்னா சாஞ்சு உட்காருவாங்க." கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இந்தக் காரை அவங்க வாங்கின அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

கடைக்காரருக்குப் பேச வாய்ப்பு கிடைத்ததில் மகிழ்ச்சி. "அதை ஏன் கேக்கறீங்க! பொண்ணுக்கு ஒரு சாம்பல் நிற வண்டி ரொம்பப் பிடிச்சுது. இதைவிட நல்ல வண்டி, ஓட்டமும் கம்மி. அப்பா ஒத்துக்கலை. வண்டி வண்டியா ஏறி உட்கார்ந்து, ஸ்பீடாமீட்டர்ல மூஞ்சியைப் புதைச்சுப் பார்த்தார். எண் சின்னதா இருக்கு, வேணாம்னார். இதுல எண்ணெல்லாம் கொட்டை கொட்டையா இருக்கும். பின்னால எதுவும் பக்கத்துல வந்தா கீங் கீங்குனு கத்தற கருவியும் இதுல உண்டு. அதைக் கேட்டதும் மனுஷர் முகமே மலர்ந்துடுச்சு."

"பொறுப்பான அப்பா" என்றான் ஸ்டெப்னி.

"பொறுப்புன்னா பொறுப்பு! அந்தச் சாம்பல் வண்டி மேல நேரா நடந்து போய் டொம்முனு மோதினார்னா பாருங்க. பாடி கெட்டியா இருக்கான்னு சோதிக்கிறார் போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்." கடைக்காரர் சிரித்தார். ஸ்டெப்னியும் சிரித்தான்.

மேடம் சிரிக்கவில்லை. "அவங்க ரெண்டு பேரையும் இங்க வரச் சொல்லு" என்று ஸ்டெப்னியிடம் சொல்லிவிட்டு, கடைக்காரரைத் தனியே அழைத்துப்போய்க் காதோடு ஏதோ சொன்னார். கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்.

*

பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சீருடையோடு வந்தார் வேன் டிரைவர். நெடுநெடுவென்ற உருவம். சட்டைப் பொத்தானெல்லாம் ஒழுங்கு, தலை படிய வாரியிருந்தது. மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். அப்பாவிடம் செல்லம் அதிகம் போலிருக்கிறது என்று ஸ்டெப்னி நினைத்தான்.

வந்தவர் நேரே ஸ்டெப்னியைப் பார்த்து, "வணக்கங்க" என்று கும்பிட்டார். பக்கத்தில் சாம்பல் நிறச் சேலையில் நின்ற மேடத்துக்கு அப்புறம்தான், அதுவும் மேடம் தொண்டையைக் கனைத்த பிறகு. முதலாளி யார் என்று சரியாகக் கண்டுபிடித்த முதல் மனிதர் என்று ஸ்டெப்னிக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று.

"நீங்கதான் ஓட்டினீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார் மேடம்.

மகள் அப்பாவின் கையை இறுக்கினாள். "நான் சொன்னேன்ல மேடம்! நான் சொன்னேன்ல!" அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "அப்ப பணம் வந்துரும்ல? ஆபரேஷன் பண்ணிடலாம்ல?"

"ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கு." மேடம் அப்பாவின் எதிரில் வந்து நின்றார். "நான் டெஸ்ட் எடுத்த காலத்துல, வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி எல்லாரையும் முதல்ல ஒண்ணு செய்யச் சொல்வேன்."

"நம்பர் பிளேட் படிக்கிறது!" என்றான் ஸ்டெப்னி பெருமையாக. "அதுல மட்டும் நான் மூணு தடவையும் பாஸ்."

"வாசல் பக்கம் பாருங்க. மஞ்சளா ஒரு வண்டி நிக்குதுல்ல? அதோட நம்பரைப் படிங்க."

இருபதடி இருக்கும். அவர் வாசல் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கவில்லை, கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை, தடுமாறவில்லை. "நாலு, ஏழு, ஒன்பது, ஒண்ணு" என்று பள்ளிக்கூடப் பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தார்.

வாசலுக்கு முதுகு காட்டி நின்ற ஸ்டெப்னி, கையிலிருந்த கேஸ் ஃபைலைப் பார்த்தான். நாலு, ஏழு, ஒன்பது, ஒண்ணு. எண்ணுக்கு எண் சரி. "சபாஷ்! ஃபுல் மார்க் மேடம்!" என்று கத்தினான்.

கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அப்பாவின் கையை விட்டுவிட்டு, வாசலையே வெறித்துக்கொண்டு நின்றாள். ஸ்டெப்னி அதற்கப்புறம்தான் திரும்பினான்.

வாசலில் நின்றது கார் இல்லை. பழுதான வண்டிகளை இழுத்துவரும் கடையின் பெரிய மஞ்சள் ஜீப். பின்னால் கொக்கியும் சங்கிலியும் தொங்க, எது கார், எது ஜீப் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அதன் நம்பரில் ஒரு நாலும் இல்லை, ஒரு ஏழும் இல்லை. அடிபட்ட சின்னக் கார் அவர் முதுகுக்குப் பின்னால், கொட்டகை மூலையில்தான் இருந்தது.

"அப்பா..." என்றாள் மகள். "அது நம்ம வண்டி இல்லப்பா."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. பிடிபட்டவர் முகம் மாதிரியும் இல்லை. வெகுநாளாகத் தூக்கிச் சுமந்ததைக் கீழே வைத்தவர் மாதிரி தோளிரண்டும் மெல்லத் தாழ்ந்தன.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டார் மேடம். குரலில் கடுமை இல்லை.

"ரெண்டு வருஷமா. கண்ணாடி போட்டாலும் சரியாகாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். முன்னால தள்ளி உட்கார்ந்தா கொஞ்சம் தெரியற மாதிரி இருக்கும்."

"கண்ணு மங்கினவங்க எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"இவ காரை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன் மேடம், எவ்வளவு முடியுதுன்னு. வேன் போற ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த வளைவு எங்க, எந்தப் பள்ளம் எங்கன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். அந்த மருந்துக்கடைத் தெருவும் மனப்பாடம்தான். தபால்காரர்தான் மனப்பாடத்துல இல்லை."

ஸ்டெப்னிக்கு ஒன்றொன்றாக உறைத்தது. கொட்டை எண். கீங் கீங்குக் கருவி. மோதிய சாம்பல் வண்டி. தன்னை முதலில் கும்பிட்டது. முதலாளி மாதிரி இருப்பதால் இல்லை, கிளிப்பச்சையாக இருப்பதால். சட்டையைக் கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது.

மகள் மேடத்திடம் ஓடிவந்தாள். "அப்பா ஓட்டினது நிஜம்தானே? அதை மட்டும் சொல்லுங்க மேடம். கண்ணைப் பத்திச் சொல்ல வேணாம். பணம் வந்துரும்ல?"

"அந்த அதிகாரி கேட்கப்போற முதல் கேள்வியே, ஆறடி ஆள் ஏன் சீட்டை முன்னால தள்ளினார்னுதான். அவர் ஓட்டினார்னு காட்ட என்கிட்ட இருக்கற சாட்சி, ஆறடி ஆள் முன்னால தள்ளி உட்கார்ந்த தடம் ஒண்ணுதான். அதுவேதான் அவருக்குக் கண்ணு தெரியலைங்கறதுக்கும் சாட்சி. பாலிசி எடுத்தப்ப கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கார். அதோட முடிஞ்சுதும்மா."

முன்னே போனால் முட்டியது, பின்னே போனால் உதைத்தது. மகள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், எங்காவது ஒரு கதவு திறந்திருக்கிறதா என்று தேடுகிறவள் போல.

"சரி. அப்ப நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடுங்க."

"பாப்பா!" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா. மேடம், நான் ஓட்டினேன். என் லைசென்ஸை எடுத்துக்கட்டும். எனக்கு அந்த ஆஸ்பத்திரி வேலை வேணாம். கார் வேணாம். அவங்க ஏற்கெனவே அப்படித்தான் நம்பறாங்க, நீங்க மறுத்துப் பேசாம இருந்தாப் போதும்."

"அப்படிச் சொன்னாலும் தபால்காரருக்குப் பணம் வராது."

"தெரியும். ஆனா அப்பாவுக்கு வேன் இருக்கும்."

மேடம் அவள் பக்கம் குனிந்தார். "வேனுக்குள்ள யார் இருப்பாங்க?" என்றார்.

அவள் அப்படியே கீழே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பாவைக் காப்பாற்றத் துப்பறிய ஆள் பிடித்தவள் அவள்தான். கிணறு வெட்டச் சொன்னதும் அவள், இப்போது பூதத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பதும் அவள். ஸ்டெப்னிக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. இந்தத் தொழிலே வேண்டாம் என்று இருந்தது.

அப்பா சத்தம் வந்த திசையை நோக்கிக் குனிந்து, கையால் துழாவி அவள் தலையைத் தொட்டார்.

"உனக்கு மஞ்சள் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும் பாப்பா. அந்தச் சாம்பல் வண்டிதான் உனக்குப் பிடிச்சுது. நான் பாவி, உன் முதல் காரைக்கூட உன் இஷ்டத்துக்கு வாங்க விடலை. அங்க நின்ன வண்டிகள்லயே இது ஒண்ணுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

அவள் அவர் கையை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

மேடத்தின் போன் அடித்தது. அதிகாரிதான். "என்ன மேடம், முடிவு தெரிஞ்சுதா? யார் ஓட்டினது?" என்று அவர் உற்சாகமாகக் கேட்டது ஸ்டெப்னி வரை கேட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் மேடம். போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். எத்தனையோ ஆயிரம் பேருக்கு முகத்துக்கு நேரே, கண் இமைக்காமல் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னவர் அவர். இன்று அவர் பார்வை ஜீப் பக்கம் போயிற்று.

வேன் டிரைவரே நிமிர்ந்து நின்று எடுத்துக்கொடுத்தார். "சொல்லிடுங்க மேடம். நீங்க சொல்லித்தான் ஆகணும்."

"ஃபெயில்" என்றார் மேடம், மெல்லிய குரலில்.

அவர் சரி என்பதாகத் தலையசைத்தார். மேடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் காதில் விழாத தூரத்துக்கு, ஜீப்பைத் தாண்டி வெளியே நடந்தார். மேடம் நின்ற இடத்தில், என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டெப்னி வந்து நின்றான்.

வேன் டிரைவர் பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். பிள்ளைகள் யாரோ கட்டிக் கொடுத்த பாசிமணி அதில் தொங்கியது. கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு நேராக நீட்டினார், ஸ்டெப்னியின் கிளிப்பச்சைச் சட்டையை நோக்கி.

"இந்தாங்க மேடம், வேன் சாவி. ஸ்கூல்ல குடுத்துடுங்க. நாளைக்கு வேற டிரைவரைச் சீக்கிரமா அனுப்பச் சொல்லுங்க. முதல் ஸ்டாப்புல ஒரு வாண்டு நிக்கும், வண்டி கொஞ்சம் லேட்டானாலே அழ ஆரம்பிச்சிடும்."

தரையில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து ஸ்டெப்னியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து வாயை மூடாதவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டான்.

"நன்றிங்க மேடம்" என்றார் அவர்.